விமானியின் கண்ணும் லேசர்க் கதிரும்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். வங்கக் கடலின் மேலிருந்து விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்து வந்து, மயிலாப்பூரின் தெற்கு ஓரத்தையும் கோட்டூர்புரத்தையும் கிண்டியையும் கடந்து மீனம்பாக்கத்தில் இறங்கும். எதிர்க்காற்றில் இறங்க வேண்டும் என்பது விமான இயலின் பாலபாடம். ஆதலால்தான் அந்த மாதங்களில் அவை கடற்பக்கமாக வருகின்றன. இறங்கும் நேரத்தில் பெரிய பயணிகள் விமானம் ஒரு நொடியில் ஏறத்தாழ 70 மீட்டர் தொலைவைக் கடக்கிறது. ஓடுபாதையின் விளக்கு வரிசைகளையும் தன் முன்னுள்ள கருவிகளின் எண்களையும் விமானி மாறி மாறிப் பார்த்தாக வேண்டும். அவருடைய கண் தவறினால் நூற்றுக்கணக்கான உயிர்கள் தவறும்.

இத்தகைய வேலைக்கு ஆசைப்படும் மாணவர் ஒருவருக்குக் கிட்டப்பார்வை இருக்கிறது எனக் கொள்வோம். தியாகராய நகரிலும் அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் கண் மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. 'லேசர் சிகிச்சை செய்துகொண்டால் கண்ணாடி வேண்டாம், விமானி ஆகிவிடலாம்' என்று யாரோ சொல்கிறார்கள். அவர் என்ன செய்ய வேண்டும்? உடனே செய்துகொள்ளலாமா, பொறுத்திருக்க வேண்டுமா, அல்லது அது தேவையே இல்லையா? இக்கேள்விக்கு விடை காண, இச்சிகிச்சை பிறந்து வளர்ந்த வரலாற்றை அறிவது பெரிதும் உதவும். அவ்வரலாற்றின் நடுவில் சென்னையில் பிறந்த அறிவியலார் ஒருவர் நிற்கிறார் என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

கண்ணாடி அணிந்த விமானி

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வோம். கண்ணாடி அணிந்தவர் விமானி ஆகவே முடியாது என்று பலரும் நம்புகின்றனர். பயணிகள் விமானத்தைப் பொறுத்தவரை இது உண்மையன்று. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளின்படி, தொழில்முறை விமானியின் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே 6/9 அளவுக்கேனும், இரு கண்களும் சேர்ந்து 6/6 அளவுக்கேனும் தொலைவைக் காண வேண்டும். இந்த அளவைக் கண்ணாடியின் துணையோடு எட்டினாலும் போதும். கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதற்கு அவ்விதிகள் எல்லை வகுக்கவில்லை. மாற்றுக் கண்ணாடி ஒன்றை எளிதில் எடுக்கும் வண்ணம் உடன் வைத்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

விமான வரலாற்றிலும் இதற்கொரு வியப்பான சான்று உண்டு. அமெரிக்க விமானி வைலி போஸ்ட் 1926 இல் நேர்ந்த ஒரு விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். எஞ்சிய ஒற்றைக் கண்ணோடு 1933 இல் உலகைத் தனியாக விமானத்தில் சுற்றி வந்த முதல் மனிதர் அவரே. இதனால் கண் முக்கியமன்று என்று பொருளில்லை. எந்தக் குறையை ஈடுசெய்ய முடியும், எதை முடியாது என்று ஆராய்ந்தே விதிகள் வகுக்கப்படுகின்றன என்பதையே நாம் கொள்ள வேண்டும்.

போர் விமானத்தின் கதை வேறு. நமது விமானப்படையின் பறக்கும் பிரிவில் சேர்வோருக்குக் கிட்டப்பார்வை இருத்தல் ஆகாது. அங்கேதான் லேசர் சிகிச்சை என்ற கேள்வி உண்மையிலேயே எழுகிறது.

கண்ணின் ஒளியியல்

பள்ளிப் பாடத்தில் கண்ணின் லென்சைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஆனால் கண்ணுக்குள் நுழையும் ஒளியைப் பெருமளவில் வளைப்பது அந்த லென்சு அன்று. கண்ணின் முகப்பில் கடிகாரக் கண்ணாடிபோல் அமைந்துள்ள கார்னியா என்னும் கருவிழிப்படலமே அந்த வேலையைச் செய்கிறது. கண்ணின் மொத்தத் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர். அதில் 43 டயாப்டர் அளவு இப்படலத்தினுடையது. காற்றுக்கும் கண்ணுக்கும் இடையே ஒளிவிலகல் எண் திடீரென மாறுவதே இதற்குக் காரணம். நீரில் மூழ்கிக் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிவதும் இதனால்தான்.

கிட்டப்பார்வை உடையவரின் விழிக்கோளம் பெரும்பாலும் இயல்பைவிட நீண்டிருக்கும். தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடும். 2 டயாப்டர் குறையுள்ளவரின் சேய்மைப்புள்ளி அரை மீட்டர் தொலைவில் இருக்கும். அதற்கு அப்பாலுள்ளவை தெளிவாகத் தெரியா. குழிலென்சு இக்குறையைச் சரிசெய்கிறது. அதே வேலையைக் கருவிழிப்படலத்தின் வளைவைச் சற்றுத் தட்டையாக்குவதன் மூலமும் செய்யலாம் அன்றோ? இந்த எளிய எண்ணமே எல்லாச் சிகிச்சைகளுக்கும் அடிப்படை.

கத்தியின் காலம்

இவ்வெண்ணத்தை முதலில் கத்தியால் செய்து பார்த்தார்கள். ஜப்பானில் சுடோமு சாட்டோ என்னும் மருத்துவர் 1930களின் இறுதி முதல் கருவிழிப்படலத்தின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் கீறல்களிட்டு அதைத் தட்டையாக்கினார். தொடக்கத்தில் பலன் நன்றாகவே இருந்தது. ஆனால் படலத்தின் உட்சுவரில் உள்ள ஓரடுக்குச் செல்கள்தாம் நீரை வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருக்கின்றன என்பதும், அச்செல்கள் மனிதரில் மீண்டும் வளர்வதில்லை என்பதும் அப்போது அறியப்படவில்லை. பல ஆண்டுகள் கழிந்த பின் பலருடைய கண்கள் வீங்கி மங்கின.

1974 முதல் மாஸ்கோவில் ஸ்வியதோஸ்லாவ் ஃபியோதரோவ் இம்முறையைத் திருத்தி, வெளிப்புறத்தில் மட்டும், சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல் கீறல்களிட்டார். இம்முறை அமெரிக்காவிலும் பரவியது. அங்கு நோயாளிகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 1994 இல் வெளிவந்தது. 43 விழுக்காட்டுக் கண்கள் அறுவைக்குப் பின் தூரப்பார்வைப் பக்கமாக 1 டயாப்டர் அல்லது அதற்கு மேல் நகர்ந்திருந்தன! வெட்டுண்ட படலம் தன் உறுதியை இழந்து மெல்ல மெல்லத் தட்டையாகிக்கொண்டே போயிற்று என்பது இதன் பொருள்.

உயரம் இன்னொரு பாடத்தைக் கற்பித்தது. 1996 மே மாதத்தில் எவரெஸ்ட் சிகரம் ஏறிய குழுவில் பெக் வெதர்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் இருந்தார். அவர் முன்பே இந்த ஆரக்கீறல் அறுவையைச் செய்துகொண்டவர். மேலே செல்லச் செல்ல அவருடைய பார்வை மங்கி, வழி தெரியாத நிலை ஏற்பட்டது. புயலில் சிக்கி, வலக்கையையும் மூக்கையும் இழந்து, உயிர் தப்பினார். கருவிழிப்படலத்தில் இரத்தக் குழாய்கள் கிடையா. அது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே பெறுகிறது. உயரத்தில் ஆக்சிஜன் குறையும்போது படலம் சற்று வீங்கும். இயல்பான படலம் ஒரே சீராக வீங்குவதால் தீங்கில்லை. கீறல்கள் உள்ள படலமோ சீரின்றி வீங்கித் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. விமானப்படைகள் இவ்வறுவையை ஏற்க மறுத்ததன் காரணம் உங்களுக்கு இப்போது விளங்கும்.

சென்னையில் பிறந்த வேதியியலார்

1929 பிப்ரவரி 10 ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றார். அதே மாதம் 28 ஆம் நாள் சென்னையில் ரங்கசாமி சீனிவாசன் பிறந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1949 இலும் 1950 இலும் பட்டங்கள் பெற்ற சீனிவாசன், அமெரிக்கா சென்று 1956 இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1961 இல் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஐ.பி.எம். ஆய்வகத்தில் சேர்ந்தார். ஒளி பட்டால் பொருள்களின் மூலக்கூறுகள் எவ்வாறு மாறுகின்றன என்பதே அவரது துறை.

1980களின் தொடக்கத்தில் அவருக்கு ஒரு புதிய கருவி கிடைத்தது. அதுவே எக்சைமர் லேசர். ஆர்கானும் ஃபுளூரினும் சாதாரண நிலையில் சேர்வதில்லை. மின்னிறக்கத்தால் கிளர்வுற்ற நிலையில் மட்டும் கணநேரம் கைகோத்து, பிரியும்போது 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை வெளியிடுகின்றன. இவ்வொளியைப் பிளாஸ்டிக் தாள்களின் மேல் செலுத்திய சீனிவாசனும் அவருடைய குழுவினரும் ஒரு புதுமையைக் கண்டனர். ஒளி பட்ட இடம் மட்டும் துல்லியமாகச் செதுக்கப்பட்டிருந்தது. சுற்றுப்புறத்தில் கருகலோ உருகலோ இல்லை.

இதன் காரணத்தை நீங்களே கணக்கிடலாம். ஒளித்துகளாகிய ஃபோட்டானின் ஆற்றலை எலெக்ட்ரான் வோல்ட்டில் பெற, 1240 ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுக்க வேண்டும். 1240 ஐ 193 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6.4 வருகிறது. இரு கார்பன் அணுக்களுக்கு இடையேயுள்ள ஒற்றைப் பிணைப்பை முறிக்க 3.6 எலெக்ட்ரான் வோல்ட் போதும். ஆக, ஒவ்வொரு ஃபோட்டானும் ஒரு பிணைப்பை முறிக்கத் தேவையானதைவிட மிகுந்த ஆற்றலோடு வருகிறது. மேலும் இவ்வொளியைப் பொருள் மிக மெல்லிய மேற்பரப்பிலேயே முழுவதும் உறிஞ்சிக்கொள்கிறது. முறிந்த துணுக்குகள் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு பறந்துவிடுகின்றன. கீழுள்ள பகுதிக்குச் சூடு பரவ நேரமில்லை.

சீனிவாசனும் அவருடைய துணைவர்களான ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோரும் இது உயிர்த்திசுவிலும் நிகழுமா என அறிய விரும்பினர். 1981 நவம்பர் 26 அமெரிக்கர்களின் நன்றி நவிலும் திருநாள். அன்று விருந்தில் வான்கோழி உண்பது அவர்கள் மரபு. மறுநாள் சீனிவாசன் விருந்தில் எஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்கு எடுத்து வந்தார். புற ஊதா லேசர் அதன் குருத்தெலும்பில் சுத்தமான பள்ளம் இட்டது. ஒப்புநோக்கப் பயன்படுத்திய பச்சை லேசர் அதைக் கருக்கியது. உலகில் கோடிக்கணக்கானோரின் பார்வையைத் திருத்திய ஒரு முறை, விருந்தில் மிஞ்சிய இறைச்சியில் தொடங்கிற்று என்றால் வியப்பாக இல்லையா?

கண்ணுக்கு வந்த கதிர்

அதே 1981 இல் அமெரிக்க விமானப்படையின் வான்வெளி மருத்துவப் பள்ளியில் ஜான் டபோடா என்பவர், எக்சைமர் லேசரால் கண்ணுக்கு என்ன தீங்கு நேரும் என்று ஆராய்ந்து வெளியிட்டார். விமானிகளின் கண்களைக் காப்பது அவர் நோக்கம். இன்று அதே கதிர் விமானிகளின் கண்களைத் திருத்தவும் பயன்படுகிறது.

1983 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவர் ஸ்டீஃபன் ட்ரோக்கல், சீனிவாசனோடு சேர்ந்து கன்றுகளின் கண்களில் சோதனைகள் நடத்தினார். கருவிழிப்படலத்தை இக்கதிரால் துல்லியமாகச் செதுக்கலாம் என்று அவர்கள் அவ்வாண்டு டிசம்பரில் வெளியிட்ட கட்டுரை கண் மருத்துவத்தில் ஒரு திருப்பம். 1988 இல் அமெரிக்காவில் மார்கரெட் மெக்டொனால்ட், பார்வையுள்ள மனிதக் கண்ணில் இச்சிகிச்சையைச் செய்தார். மேலடுக்குச் செல்களை அகற்றிவிட்டு, அதன் கீழுள்ள பகுதியைக் கதிரால் செதுக்கும் இம்முறைக்குப் பி.ஆர்.கே. என்று பெயர். அமெரிக்க அரசு 1995 இல் இதற்கு அனுமதி அளித்தது.

1990ஐ ஒட்டிக் கிரீட் தீவின் அயோனிஸ் பல்லிகாரிஸ் ஒரு மாற்றம் செய்தார். படலத்தின் மேல்பகுதியை முழுவதும் நீக்காமல், புத்தகத்தின் அட்டையைத் திறப்பதுபோல் ஒரு மடலாகத் திறந்து, உள்ளே செதுக்கி, மடலை மீண்டும் மூடினார். இதுவே லாசிக். வலி குறைவு. மறுநாளே பார்வை தெளிகிறது. மடலை வெட்ட முன்பு நுண்ணிய கத்தி பயன்பட்டது. இப்போது ஃபெம்டோ நொடி லேசர் பயன்படுகிறது. ஒரு ஃபெம்டோ நொடியில் ஒளிகூட 0.3 மைக்ரான்தான் செல்லும்! இத்தகைய குறுந்துடிப்புகளைப் பெருக்கும் வழியைக் கண்டதற்காகவே ஜெரார்ட் மூரு, டோனா ஸ்ட்ரிக்லண்ட் இருவரும் 2018 இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

சீனிவாசனும் அவருடைய இரு துணைவர்களும் 2002 இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் இடம்பெற்றனர். 2013 இல் குடியரசுத் தலைவர் ஒபாமாவிடமிருந்து தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் பெற்றனர்.

விமானப் படைகளின் ஐயங்கள்

மருத்துவமனையில் வெற்றி பெற்ற ஒரு முறை வானிலும் வெற்றி பெறும் என்று கூறிவிட முடியாது. விமானப் படைகள் மூன்று ஐயங்களை எழுப்பின.

முதலாவது, மடலின் உறுதி. லாசிக்கில் திறந்து மூடிய மடல் பழைய உறுதியோடு ஒட்டுவதில்லை. ஆபத்தில் போர் விமானி இருக்கையோடு வெளியே வீசப்படும்போது முகத்தில் அறையும் காற்றை அது தாங்குமா? இதனால்தான் அமெரிக்கக் கடற்படை மடலே இல்லாத பி.ஆர்.கே. முறையை 1993 முதல் ஆராயத் தொடங்கியது. அவ்வாய்வை முன்னின்று நடத்திய ஸ்டீவன் ஷால்ஹார்ன், மருத்துவராகும் முன் தாமே போர் விமானியாக இருந்தவர்.

இரண்டாவது, இரவுப் பார்வை. லேசர் திருத்தும் வட்டம் பொதுவாக 6 மில்லிமீட்டர் விட்டமுடையது. இருளில் இளைஞரின் கண்பாவை அதைவிடவும் விரியக்கூடும். அப்போது திருத்திய பகுதி, திருத்தாத பகுதி ஆகிய இரண்டின் வழியாகவும் ஒளி நுழைவதால், விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டங்கள் தோன்றலாம். தெருவில் நடப்பவருக்கு அது சிறு தொல்லை. ஓடுபாதையின் விளக்குகளை நம்பி இறங்குபவருக்கு அப்படிக் கொள்ள முடியாது.

மூன்றாவது, கண் உலர்தல். அறுவையில் படலத்தின் நுண்ணிய நரம்புகள் அறுபடுவதால் சில மாதங்கள் கண்ணீர்ச் சுரப்பு குறையும். விமானத்தின் உள்ளே காற்றின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே இருப்பது வழக்கம்.

ஆண்டுக்கணக்கான ஆய்வுகளுக்குப் பின்னரே இவ்வையங்கள் படிப்படியாகத் தளர்ந்தன. ஆரக்கீறலைப் போலன்றி, லேசரால் செதுக்கிய படலம் உயரத்திலும் நிலையாக இருந்தது. 2007 இல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் நாசா, விண்வெளி வீரராக விண்ணப்பிப்போருக்கும் பி.ஆர்.கே., லாசிக் இரண்டையும் ஏற்றுக்கொண்டது.

கணக்கிட்டுப் பாருங்கள்

நமது விமானப்படை அண்மை ஆண்டுகளில் வெளியிட்ட ஆள்சேர்ப்பு அறிவிக்கைகளில் இதற்கான நெறிகள் தரப்பட்டுள்ளன. அறுவை 20 வயதுக்கு முன் செய்யப்பட்டிருக்கக் கூடாது. அறுவைக்குப் பின் சிக்கலின்றி 12 மாதங்களேனும் கழிந்திருக்க வேண்டும். விழிக்கோளத்தின் நீளம் 25.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அறுவைக்குப் பின் படலத்தின் தடிமன் 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. முன்பிருந்த குறை 6 டயாப்டருக்கு மேற்பட்டிருக்கக் கூடாது. ஆரக்கீறல் அறுவைக்கு இடமே இல்லை.

இவை வெறும் சடங்குகள் அல்ல. ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் அறிவியல் இருக்கிறது. மன்னர்லின் என்பவர் 1988 இல் வெளியிட்ட எளிய சூத்திரத்தைப் பாருங்கள். திருத்தும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை டயாப்டரால் பெருக்கி, 3 ஆல் வகுத்தால், செதுக்க வேண்டிய ஆழம் மைக்ரானில் கிடைக்கும். 6 மில்லிமீட்டர் வட்டத்துக்கு ஒரு டயாப்டருக்கு 12 மைக்ரான் ஆகும். 6 டயாப்டருக்கு 72 மைக்ரான். நடைமுறையில் இது சற்றுக் கூடும்.

மனிதக் கருவிழிப்படலத்தின் நடுத்தடிமன் சராசரியாக 540 மைக்ரான். அதிலிருந்து 72 ஐக் கழித்தால் 468. எல்லைக்குள் இருக்கிறது. இயல்பிலேயே 500 மைக்ரான் தடிமனுள்ள ஒருவருக்கோ 428 தான் மிஞ்சும். அவர் தகுதி இழப்பார். செதுக்கிய திசு மீண்டும் வளர்வதில்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். கண்ணாடியைக் கழற்றி மாட்டலாம். இதைத் திரும்பப் பெற முடியாது.

விழிக்கோளத்தின் நீளத்தை ஏன் பார்க்கிறார்கள்? லேசர் கண்ணின் முகப்பை மட்டுமே மாற்றுகிறது. கோளத்தின் நீளம் அப்படியேதான் இருக்கும். நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். அது பிரியும் அபாயம் அறுவைக்குப் பின்னும் தொடரும். கண்ணாடி போய்விட்டது என்பதால் கிட்டப்பார்வைக் கண் இயல்பான கண்ணாகிவிடவில்லை.

எவ்வாறு முடிவு செய்வது?

இந்நெறிகளுள் மாணவரும் பெற்றோரும் மிகவும் கருத வேண்டியது வயது பற்றியதே. கிட்டப்பார்வை பெரும்பாலும் பள்ளிப் பருவம் முழுவதும் வளர்ந்து, இருபதை ஒட்டியே நிலைபெறுகிறது. அதற்கு முன் செதுக்கினால் குறை மறுபடி தோன்றலாம். தேசியப் பாதுகாப்பு அகாதமியில் சேர்வோர் இருபது வயதுக்கும் குறைந்தவர்கள். ஆகவே அந்த வாயிலை லேசரால் திறக்க முடியாது. பதினெட்டு வயதில் ஆர்வ மிகுதியால் அறுவை செய்துகொள்ளும் இளைஞர், பட்டம் பெற்ற பின் தமக்குத் திறந்திருக்கக்கூடிய வாயிலையும் தம் கையாலேயே அடைத்துக்கொள்கிறார். குடும்பம் கடன் வாங்கிச் செய்த செலவு, கனவுக்கே தடையாகிவிடுகிறது.

நிறப்பார்வைச் சோதனையையும் முன்னதாகவே செய்துகொள்வது நன்று. சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய இயலாத குறையை எந்த லேசராலும் நீக்க முடியாது. ஏனெனில் அக்குறை விழித்திரையின் கூம்புச் செல்களில் உள்ளது. இதனை அறியாமல் கருவிழிப்படலத்தைச் செதுக்கிக்கொள்வதால் பயனொன்றும் இல்லை.

பயணிகள் விமானத்தை ஓட்ட விரும்புவோர் ஒரு கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். கண்ணாடியோடு 6/6 தெரிகிறதா? தெரியுமானால் விதி அவர்களிடம் அறுவையைக் கேட்கவில்லை. வசதிக்காகச் செய்துகொள்வது அவரவர் விருப்பம். அவ்வாறு செய்துகொண்டால் மருத்துவத் தேர்வில் அதை மறைக்கக் கூடாது. பணிக்கு இடையூறான பின்விளைவு எதுவும் இல்லை என்று உறுதியாகும் வரை தகுதிச் சான்று கிடைக்காது. படலத்தின் தடிமன், விழிக்கோளத்தின் நீளம், பல ஆண்டுகளின் கண்ணாடி அளவுகள் ஆகியவற்றைக் குறித்த பழைய தாள்களை, அறுவைக்கு முன்னிருந்தே பத்திரப்படுத்தி வைப்பது பின்னால் உதவும். விதிகள் மாறக்கூடியவை. ஆதலால் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையைப் படித்த பிறகே மருத்துவரிடம் செல்லுங்கள்.

நமது சென்னைக்குக் கண் மருத்துவத்தில் நெடிய மரபு உண்டு. எழும்பூரில் இன்றும் பணியாற்றும் அரசு கண் மருத்துவமனை 1819 இல் தொடங்கப்பட்டது. இந்நகரில் நல்ல மருத்துவரைக் காண்பது அரிதன்று. அவரிடம் 'எப்போது செய்யலாம்?' என்று கேட்கும் முன், 'எனக்கு இது வேண்டுமா? என் கண் இதற்கு ஏற்றதா?' என்ற இரு கேள்விகளையும் கேளுங்கள். 'வேண்டாம்' என்ற விடை வந்தால் அதையும் ஒரு நல்ல சிகிச்சையாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.